இழுவை குறைந்த பழைய டர்போ டீசல் கார்: வீட்டில் பார்ப்பதா, கோர் மாற்றுவதா, புது டர்போ போடுவதா?

“வண்டி இழுக்கவே மாட்டேங்குது. காட்டினால் டர்போ போச்சு, மாத்தணும் என்கிறார்கள். மாத்தலாமா?” பத்து, பன்னிரண்டு வயதான டீசல் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். டர்போ (எஞ்சினின் புகையால் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உண்மையில் போய்விட்டதா என்று தெரிவதற்கு முன்பே, அதை எங்கே மாற்றுவது, எவ்வளவு ஆகும் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அந்த வரிசையை மாற்றிப் போடுவதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

பேச்சுக்கு ஒரு வண்டி வேண்டும் என்பதால், ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். 2007-இல் ஸ்விஃப்ட் டீசலோடு நம் ஊர்ச் சாலைகளில் பரவிய எஞ்சின் அது. டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் இருப்பதும் அதுதான். மாருதி 2020-இல் டீசலை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் மல்டிஜெட் வண்டிகளில் பெரும்பாலானவை வயதானவை. இன்னோவா, ஸ்கார்பியோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 75 பிஎஸ் (குதிரைத்திறன்) மல்டிஜெட்டில் இருப்பது எளிய டர்போ. அழுத்தம் மிகுந்தால் புகையை வேறு வழியில் விடும் வேஸ்ட்கேட் கதவு ஒன்று உண்டு, அவ்வளவுதான். எஸ்எக்ஸ்4, எர்டிகா போன்றவற்றில் வந்த 90 பிஎஸ் எஞ்சினில் இருப்பது விஜிடி என்ற வகை டர்போ. அதற்குள் அசையும் சிறு இதழ்கள் வரிசையாக இருக்கும். உங்களுடையது இதில் எது என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

## முடிவை எதை வைத்து எடுப்பது

விலையை முதலில் வைக்காதீர்கள். முதலில் வர வேண்டியது காரணம்.

சின்ன டீசல் எஞ்சினின் டர்போ ஷாஃப்ட் (இறக்கைகள் பூட்டிய நடு அச்சு) முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்தில் அதைத் தாங்குவது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலம். ஆயில் வரத்து குறைந்தாலோ, ஆயில் கசடாகிப் போனாலோ, ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போனாலோதான் டர்போ சாகிறது. தானாகச் சாவது அரிது. கொன்ற காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். “மாத்தி மூணே மாசத்தில் மறுபடி போச்சு” என்று புலம்புகிற கதைகளை விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

அடுத்தது மொத்தச் செலவு. டர்போவின் விலை வேறு, டர்போ வேலையின் விலை வேறு. ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், செம்பு வாஷர், ஆயில் பைப், லேபர் எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான தொகை.

மூன்றாவது, இன்னும் எத்தனை வருடம் இந்த வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது. பதிவு செய்து 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. வண்டிக்கு 14 வயது என்றால் டர்போவோடு சேர்த்து அந்தச் செலவையும், அதற்குமுன் பார்க்க வேண்டிய டிங்கரிங், டயர் வேலைகளையும் கணக்கில் எடுங்கள்.

வண்டி இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்க முடியும் என்பது நான்காவது. கடைசியாக, செய்த வேலை பிசகினால் எது போகும்? ஹோஸ் மாற்றுவதில் பிசகினால் ஒரு ஹோஸ்தான் போகும். டர்போவுக்கு ஆயில் போகும் வழியில் பிசகினால் எஞ்சினே போகலாம்.

## முதல் வழி: வீட்டிலேயே பார்ப்பது

எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வழி இது. எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று சொல்லவரவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலையை வீட்டில் செய்ய முடியும். இழுவைக் குறைவில் பெரும்பகுதி டர்போவுக்கு வெளியே இருக்கும் ரப்பர், சென்சார், ஃபில்டர் சமாசாரம்.

பானட்டைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. நான்காவது கியரில் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்பிஎம்மே ஏற மறுக்கிறது, 3000 பக்கம் போய் முட்டி நிற்கிறது என்றால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எஞ்சினைக் காப்பாற்ற பவரைக் குறைத்திருக்கலாம். அப்புறம் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். அடைத்த டீசல் ஃபில்டர் டர்போ போனது போலவே நடிக்கும்.

புகை சொல்வது. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. காற்று எங்கோ கசிகிறது, அல்லது அடைத்திருக்கிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைவதும் உண்டு. காற்றழுத்தம் குறைந்ததை, அதை அளக்கும் மேப் சென்சார் சொன்னதும் ஈசியூ டீசலைக் குறைத்துவிடும். அதனால் “புகை இல்லையே, அப்போ காத்து கசியாது” என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றோடு அது பேசாது. வாங்குவதற்கு முன் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தால் அழுத்தம் போதவில்லை, பி0234 வந்தால் அழுத்தம் மிகுதி, பி0401, பி0402 என்றால் ஈஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) பக்கம். இவை விலாசம் மட்டும்தான். பி0299 வந்தவுடன் டர்போவை மாற்றச் சொல்பவர் அந்தக் குறியீட்டைப் பாதிதான் படித்திருக்கிறார்.

குறியீட்டைவிட எனக்குப் பயன்பட்டது மேப் சென்சாரின் நேரடி அளவு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். அப்போது அது காட்ட வேண்டியது வெளிக்காற்றின் அழுத்தம். சென்னையில் நின்றால் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் நின்றால் 77-ஐ ஒட்டி. சென்னையில் நிற்கும் வண்டி 85 காட்டினால் சென்சார்தான் பொய் சொல்கிறது. கழற்றிப் பார்த்தால் அதன் மூக்கில் ஈரமான கரி அப்பியிருக்கும். ஸ்ப்ரே கிளீனரால் மெதுவாகச் சுத்தம் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும். அளவு சரி என்றால், வாகனம் குறைந்த சாலையில் மூன்றாவது கியரில் 2000-லிருந்து 3000 ஆர்பிஎம் வரை முழுதாக மிதித்து, பக்கத்தில் இருப்பவரை அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். வண்டிக்கு வண்டி எண் மாறும் என்றாலும், நல்ல டர்போ 200-ஐ ஒட்டிக் கொண்டுபோகும். 110, 120-இலேயே நின்றால் அழுத்தம் உருவாகவில்லை, அல்லது உருவானது வெளியேறுகிறது.

கசிவுச் சோதனை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். டர்போவின் காற்று வாய்க்குப் பொருந்தும் பிவிசி எண்ட்கேப் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி, நடுவில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இந்த மூடியை ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எஞ்சினிலிருந்து ஆவி வரும் பிரீதர் ஹோஸ் மூடிக்கும் டர்போவுக்கும் நடுவில் சேர்ந்தால் அதைக் கழற்றி, துளையை அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று எஞ்சினின் வயிற்றுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கில். டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூப்பை அமுக்குவது போல, கசியும் இடம் குமிழி விட்டுத் தானே காட்டிக்கொடுக்கும்.

அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு. ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும். நீங்கள் தேடுவது இணைப்பில் வரும் குமிழியை. சைலன்சர் பக்கமிருந்து உஸ் என்று காற்று வந்தால் ஈஜிஆர் வால்வு மூடாமல் கரியில் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கையுறையும் புது கேஸ்கெட்டும் தேவை.

பக்கத்து வீட்டு டிசையரில் இந்தச் சோதனையைச் செய்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ மாற்ற எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருந்தது. காற்று ஏற்றியதும் அடிப்பக்கத்தில், கிளாம்ப் இருக்கும் இடத்திலிருந்து விரலகலம் தள்ளி நுரை பொங்கியது. ஆயில் ஊறிப் பதமிழந்த ரப்பரில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. சும்மா இருக்கும்போது மூடியே கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால்தான் வாய் திறந்தது. ஒரு ஹோஸ், இரண்டு கிளாம்ப். அந்த வண்டி இன்னும் பழைய டர்போவிலேயே ஓடுகிறது.

ஆக்சுவேட்டரும் ஷாஃப்டும். கசிவு இல்லை என்றால் வேஸ்ட்கேட் கதவைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்கு வரும் சின்ன பைப்பைக் கழற்றி, கேஜ் உள்ள பம்பால் மெதுவாக அழுத்தம் கொடுங்கள். ராடு அசைந்து, அழுத்தத்தைப் பிடித்து நிற்க வேண்டும். நிற்காமல் இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. வாக்குவமில் இயங்கும் விஜிடி என்றால் கை வாக்குவம் பம்பு வேண்டும். ராடு திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே இதழ்கள் கரியில் ஒட்டியிருக்கின்றன. அந்தப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப் ஸ்குருவை மட்டும் தொடாதீர்கள். காற்றோட்டத்தை அளக்கும் கருவியில் வைத்துத்தான் அதைச் செட் செய்வார்கள்.

கடைசியாக ஷாஃப்ட். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு காற்றுப் பக்க நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் இம்மி ஆட்டம் இருப்பது இயல்புதான். ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. அதைக் காட்டி “பாருங்க, ஆடுது” என்று டர்போவுக்குத் தீர்ப்பு எழுதுபவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது இரண்டு. உள்ளும் வெளியுமாக இழுத்தால் அசைவு விரலுக்குத் தெரியவே கூடாது. எந்தப் பக்கம் அழுத்திச் சுற்றினாலும் இறக்கைகள் சுவரில் உரசக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் டர்போ முடிந்தது. பைப்பின் உட்சுவரில் லேசான ஆயில் பிசுபிசுப்பு பிரீதரிலிருந்தே வரும், கவலை வேண்டாம். ஆயில் தேங்கி நின்றால்தான் கவலை.

அந்தக் கவலையிலும் ஒரு கிளைக் கேள்வி உண்டு. டர்போவிலிருந்து ஆயில் இறங்குவது தன் எடையால்தான். இறங்கும் பைப் அடைத்திருந்தாலோ, தேய்ந்த ரிங்கைத் தாண்டி எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலோ, இறங்க வழியில்லாத ஆயில் டர்போ சீலைத் தாண்டும். டர்போ நல்லதாகவே இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புசுபுசுவென்று புகை தள்ளினால் கோளாறு எஞ்சினில். அதற்கு எந்த டர்போ போட்டாலும் தீராது.

மறைந்திருக்கும் செலவு. கருவிகள் ஒரு முறைச் செலவு, அது பரவாயில்லை. பழைய வண்டியின் பிளாஸ்டிக் கனெக்டர்கள் தொட்டாலே உடையும். எக்ஸாஸ்ட் பக்க நட்டுகள் துருவேறி ஸ்டட்டோடு முறியும். முறிந்ததை எடுக்க டிரில்லும் வெல்டிங்கும் வேண்டும். அதனால் வீட்டு வேலையை எக்ஸாஸ்ட் நட்டில் கை வைப்பதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

கை வைக்கக் கூடாதவை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். எஞ்சின் ஓடும்போது டர்போ வாய்ப் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. இன்ஜெக்டர் பைப்புகளில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். ஓடும் எஞ்சினில் அவற்றைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும். நீலப்புகை அடர்ந்து, ஆயில் அளவும் இறங்கிக்கொண்டிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டர்போ வழியே வரும் ஆயிலைக் குடித்து எஞ்சின் தானாக வெறிபிடித்து ஓடக்கூடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. ஓட்டும்போது அப்படி ஆனால் பிரேக்கை முழுதாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும்.

## இரண்டாவது வழி: கோர் மாற்றுவது

ஷாஃப்ட் போனது உறுதி என்றால் அடுத்து வரும் கேள்வி இது. டர்போவின் இரண்டு பக்கக் கூடுகளும் நன்றாக இருந்தால் நடுவில் இருக்கும் ஷாஃப்ட், இறக்கைகள், பேரிங் எல்லாம் சேர்ந்த கோரை மட்டும் மாற்றலாம். கார்ட்ரிட்ஜ் என்றும் சொல்வார்கள். புது டர்போவின் விலையில் ஒரு பங்குதான் ஆகும்.

ரீகண்டிஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பேலன்ஸ் செய்து வந்த கோரை முழுதாக மாற்றுவது. இன்னொன்று, பழைய ஷாஃப்டிலேயே ரிப்பேர் கிட்டில் உள்ள புஷ், சீல் மட்டும் மாற்றிக் கொடுப்பது. இரண்டாவதை பேலன்ஸ் செய்யாமல் கொடுத்தால் நான் வாங்க மாட்டேன். இரண்டு லட்சம் சுற்றில் கண்ணுக்குத் தெரியாத எடை வித்தியாசம்கூட புது புஷ்ஷைத் தின்றுவிடும். கடையில் கேட்க வேண்டியது இதுதான்: “பேலன்ஸிங் மெஷின் உங்களிடம் இருக்கிறதா? ரிப்போர்ட் தருவீர்களா?” நல்ல கடைக்காரர் கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

எளிய வேஸ்ட்கேட் டர்போவுக்கு இந்த வழி மிகப் பொருத்தம். விஜிடிக்கு அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. கோர் புதிதாக இருந்து இதழ் வளையம் பழையதாக இருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதைச் செட் செய்யும் கருவி உள்ள கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மறைந்திருப்பது நாட்களும் லேபரும். கழற்றி, அனுப்பி, வாங்கி, மாட்டும்வரை வண்டி நிற்கும். கழற்றியதும் டர்பைன் கூட்டில் வெடிப்பு தெரிந்தால் கணக்கு மொத்தமாக மாறும். கோர் கொடுத்தவரும் மாட்டியவரும் வேறு வேறு ஆள் என்றால், பிரச்சினை வரும்போது ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். முடிந்தவரை இரண்டையும் ஒரே இடத்தில் கொடுங்கள்.

## மூன்றாவது வழி: புது டர்போ

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் பெரும்பாலும் முழு டர்போவாகத்தான் மாற்றுவார்கள். ஐந்து இலக்கத் தொகை. பொருளில் சந்தேகமில்லை, வேலை சீக்கிரம் முடியும், பில்லும் வாரண்டியும் உண்டு.

வாரண்டி தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர் மாற்றியதற்கான பில், ஆயில் பைப் மாற்றியதற்கான பில் இல்லாவிட்டால் செல்லாது என்று பலர் போட்டிருப்பார்கள். அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் எஸ்டிமேட்டில் அந்தத் தொகை இருக்காது. பழைய டர்போவைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள்.

வெளிச்சந்தையில் புதியது என்ற பெயரில் பெயர் தெரியாத டர்போக்கள் பாதி விலைக்கு வரும். அந்தப் பணத்துக்கு நல்ல கடையில் ரிப்போர்ட்டோடு போட்ட கோர் எவ்வளவோ மேல். உங்கள் பழைய டர்போவில் அடித்திருக்கும் தகட்டு எண்ணும் புதியதன் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரே எஞ்சினுக்குள்ளேயே வேறு வேறு டர்போ வந்திருக்கும்.

## நான்காவது வழி: பழைய வண்டியிலிருந்து எடுத்தது

சென்னை என்றால் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. விலை குறைவு, அன்றைக்கே கையில் கிடைக்கும். கொடுத்த வண்டி ஏன் பிரிக்கப்பட்டது என்பது மட்டும் தெரியாது. பின்னால் இடி வாங்கிய வண்டியின் டர்போ நன்றாகவே இருக்கலாம். ஆயில் மாற்றாமல் ஓட்டிக் கைவிட்ட வண்டியுடையதும் அதே கடையில் அதே விலைக்குத்தான் இருக்கும்.

கையில் எடுத்ததும் மேலே சொன்ன ஷாஃப்ட் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். இறக்கை நுனிகள் கூராக இருக்க வேண்டும். மழுங்கியோ வளைந்தோ இருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. ஆயில் துளையில் டார்ச் அடித்துக் கட்டிக் கரி இருக்கிறதா பாருங்கள். வேஸ்ட்கேட் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். “ஓடலைன்னா மாத்தித் தர்றேன்” என்ற வாக்குறுதி டர்போவுக்குத்தான். இரண்டு முறை கழற்றி மாட்டும் லேபர் உங்கள் கையிலிருந்து போகும். கூடு வெடித்து, கோர் போட வழியில்லாதவருக்கு அங்கிருந்து கூட்டை மட்டும் வாங்கிக்கொள்வது நல்ல யோசனை. முழு டர்போவாக வாங்கி அப்படியே மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரு பார்வையில்

| | வீட்டில் பார்ப்பது | கோர் மாற்றம் | புது டர்போ | பழையது |
|---|---|---|---|---|
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | உடையும் கனெக்டர், கருவிகள் | லேபர், கூட்டில் வெடிப்பு | வாரண்டிக்கான ஆயில், பைப் | இரட்டை லேபர் |
| வண்டி நிற்கும் நாள் | ஓரிரு விடுமுறை நாள் | பல நாள் | குறைவு, பொருள் இருந்தால் | குறைவு |
| பிசகினால் | இழப்பு சிறிது | பேலன்ஸ் இல்லாவிட்டால் மறுபடி போகும் | காரணம் தீராவிட்டால் பெரிய நஷ்டம் | எஞ்சின் வரை போகலாம் |
| விஜிடிக்கு | சோதனை மட்டும் | கருவி உள்ள கடையில் | பாதுகாப்பானது | வேண்டாம் |

## யாருக்கு எது

வாரத்தில் சில நாள் ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்கள், வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால் அவசரமே வேண்டாம். வீட்டுச் சோதனை முழுதையும் செய்யுங்கள். ஷாஃப்ட் போயிருந்தால் கோர்.

டாக்ஸி ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. ஒரு வாரம் வண்டி நின்றால் போகும் வருமானமே கோருக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தின்றுவிடும். ஆனாலும் ஸ்கேனரும் கசிவுச் சோதனையும் அரை நாள் வேலைதான், அதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். அதற்கப்புறமும் டர்போதான் என்றால் பில்லோடு புதியது போடுவது அவருக்கு லாபம்.

90 பிஎஸ் விஜிடி வைத்திருந்து, இன்னும் நான்கைந்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பக்கத்தில் அதைச் செட் செய்யும் நல்ல கடை இருக்கிறதா என்பதே முடிவைச் சொல்லும். இல்லையென்றால் புதியது.

ஒரு வருடத்துக்குள் விற்கப் போகிறீர்களா? டர்போ நன்றாக இருந்து வெளிக் கோளாறு மட்டும் என்றால் சரிசெய்துவிட்டு விற்கலாம். ஷாஃப்ட் போயிருந்தால், அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுப்பதுதான் நேர்மை, செலவும் குறைவு. புது டர்போவுக்குப் போட்ட பணம் விற்பனை விலையில் திரும்பி வராது.

ஆயில் மூடியில் புகை தள்ளும் வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் இல்லை. எஞ்சின் வேலை பார்ப்பதா, வண்டியை விடுவதா என்பதுதான் அங்கே கேள்வி.

## எதைப் போட்டாலும் மாட்டும் அன்று

பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டிய நேரம் இது. ஆயிலையும் ஃபில்டரையும் அன்றே மாற்ற வேண்டும், மேனுவல் சொல்லும் கிரேடு. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் பைப்பைச் சுத்தம் செய்வதைவிட மாற்றுவது நல்லது. உள்ளே கரி படிந்து ஓட்டை சுருங்கியிருப்பது வெளியே தெரியாது. பழைய டர்போவின் இறக்கை உடைந்திருந்தால் (டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும்) இன்டர்கூலரையும் பைப்புகளையும் கழற்றிக் கழுவ வேண்டும், துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தால் அடுத்து அது எஞ்சினுக்குள் போகும். கேஸ்கெட்டில் பசை தடவுபவரைத் தடுத்துவிடுங்கள்; பிதுங்கும் பசை ஆயில் துளையை அடைக்கும்.

ஆயில் பைப்பை மாட்டுவதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, ஷாஃப்டை விரலால் சுற்றிவிட வேண்டும். சாவி ஆஃபில் இருக்கும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். சாவியை மறுபடி ஆஃப் செய்து, கனெக்டர்களை மாட்டி ஸ்டார்ட் செய்தபின் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே ஓடட்டும். சத்தம் கேட்க ஆசைப்பட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்க வேண்டாம். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

நெடுஞ்சாலையில் வந்த வேகத்தில் டீக்கடையில் நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினால், சூட்டில் ஆயில் அங்கேயே கரியாகிவிடும். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவையும், முன்பு எடுத்த அதே மூன்றாவது கியர் மேப் அளவையும் எடுத்து எழுதி வையுங்கள்.